ஹாட்டிஸ்க் மூச்சு வாங்கத் தொடங்கினால்

"மனே, உண்ட மேசையில பல்லி கத்துது" என்று அம்மா சொன்னபோது நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். பல்லி சொன்னால் எங்கள் வீட்டில் திசையும் நேரமும் பார்த்துப் பலன் சொல்வார்கள். அம்மா தெற்கா வடக்கா என்று யோசித்துக்கொண்டிருக்க, நான் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் ஹாட்டிஸ்க்குக்குள் இருந்து வந்தது. டிக், டிக், டிக், சின்ன இடைவெளி, திரும்பவும் டிக்.

1 டெராபைட் தட்டு அது. உள்ளே ஒன்பது இரவுக் கூத்து. மட்டக்களப்பில் வடமோடியோ தென்மோடியோ களரி ஏறினால் விடியும்வரை ஆட்டம்தான். ஒரு இரவைக் கமராவில் பிடித்தால் 100 ஜிபி வரை வந்துவிடும். அந்த ஒன்பதில் இரண்டு கூத்துக்குப் பாடிய அண்ணாவிமார் இப்போது உயிரோடு இல்லை. இன்னொரு கொப்பி? 'அடுத்த மாதம் ஒரு தட்டு வாங்கிப் போடுவம்' என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த 20 நிமிடத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். நாலு தடவை வயரைக் கழற்றிப் பூட்டினேன். பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு தடவை தட்டு திரையில் தெரிந்தது. அந்த நேரம் விண்டோஸ் 'இதில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவா?' என்று கேட்க, ஓம் என்று அழுத்திவிட்டேன். முக்கால் மணித்தியாலம் அது சுரண்டியது. அதன் பிறகு தட்டு தெரியவே இல்லை. கடைசியில் கொழும்புக்கு அனுப்பிக் காசு கொடுத்து எடுத்ததில் ஒன்பதில் ஏழு வந்தது.

அன்றைக்குப் படித்த பாடத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பழுதாகத் தொடங்கிய ஹாட்டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் மூச்சு எண்ணிக்கைப்பட்டது. அதைத் திருத்தப் பார்த்து அந்த மூச்சைச் செலவழிக்காதீர்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்கு மட்டும் செலவழியுங்கள். கீழே வருகிற எல்லாப் படிக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் கையை எடுங்கள்

ஹாட்டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தகடுகள் இருக்கின்றன. கையடக்க ஹாட்டிஸ்க்குகளில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். அந்தத் தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு அந்த இடைவெளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. முனை ஒருமுறை தகட்டைத் தொட்டால் மேற்பூச்சு உரியும். உரிந்த தூள் மற்ற இடங்களையும் கீறும். பழுது தானாகவே பழுதை வளர்ப்பது இப்படித்தான்.

எனவே வழக்கமில்லாத சத்தம், கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் எடுப்பது, போல்டர் திடீரென்று வெறுமையாகத் தெரிவது, 'ஃபார்மட் செய்தால்தான் பாவிக்கலாம்' என்ற அறிவிப்பு, 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று வாயில் நுழையாத பிழை, இவற்றில் எது வந்தாலும் புதிதாக அதில் எதையும் எழுதாதீர்கள். கொப்பி ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். முறைப்படி வெளியேற்றிக் கழற்றுங்கள். கொம்பியூட்டர் உறைந்துபோய் வெளியேற்ற விடாவிட்டால், கொம்பியூட்டரை நிறுத்திய பிறகு வயரை எடுங்கள். எடுத்த கையோடு தட்டைத் தூக்கவும் வேண்டாம். சுழற்சி அடங்க 15 வினாடி விடுங்கள்.

மறுகா ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. தரவு போகிற பதற்றத்தில் செய்கிற வேலைதான் மிச்சத்தையும் அழிக்கிறது.

காதால் பார்ப்பது

மீண்டும் ஒரே ஒரு தடவை பூட்டுங்கள். தட்டை மரமேசையில் வைத்து, விரல் நுனியை மெதுவாக மேலே வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மெல்லிய ரீங்காரமும், தொடர்ந்து சுற்றுகிற அதிர்வும் இருந்தால் மோட்டர் வேலை செய்கிறது. நல்லது.

டிக் டிக் என்று ஒரே தாளத்தில் அடித்தால், வாசிக்கும் முனை தன் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பி வந்து, மறுபடி தேடுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு டிக்கும் அடுத்த கீறலுக்கான வாய்ப்பு. இங்கேயே நிறுத்துங்கள். கீழே சொல்லப்போகும் எந்த மென்பொருளும் உங்களுக்கு இல்லை. 'கடையில் கொடுக்கும்போது' என்ற பகுதிக்கு நேரே போய்விடுங்கள். தேய்க்கிற, கரகரக்கிற சத்தத்துக்கும் இதே பதில்தான்.

பீப் பீப் என்று மெல்ல முனகினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வாசிக்கும் முனை தகட்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டர் சுற்ற முடியாமல் திணறுகிறது. மற்றது, மின்சாரம் போதவில்லை. இரண்டாவதற்கு வழி உண்டு. அதனால் வயரை மாற்றி ஒரு தடவை பார்க்கலாம். ஒரு தடவைதான்.

சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை, லைட் மட்டும் எரிகிறது என்றாலும் முதலில் வயரைச் சந்தேகியுங்கள்.

வயரா, தட்டா?

கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதுபோல யூஎஸ்பி முனையையும் தின்னும். வயரின் முனைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அந்த வயரைத் தூக்கிப் போடுங்கள். அதைச் சுத்தப்படுத்தி மிச்சம் பிடிக்கும் காசு பெரிய காசில்லை.

கையடக்கத் தட்டுகளில் வரும் அகலமான, இரண்டு பகுதியாகப் பிரிந்த முனை சீக்கிரம் தளர்ந்துவிடும். லேசாக ஆட்டினாலே தட்டு தெரிந்தும் மறைந்தும் போனால் குற்றம் அநேகமாக அங்கேதான். வேறு வயர் ஒன்றைப் போடுங்கள், நீளம் குறைந்ததாக இருக்கட்டும். யூஎஸ்பி ஹப்பில் பூட்டாதீர்கள். டெஸ்க்டொப் என்றால் முன்பக்கத் துளையை விட்டு, பின்பக்கம் மதர்போர்ட்டிலேயே இருக்கும் துளையில் பூட்டுங்கள். பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஅம்பியர், 3.0 துளை 900 வரை தரும். சுழலத் தொடங்கும் நொடியில்தான் தட்டுக்குக் கூடுதல் மின்சாரம் தேவை, அந்த இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது. தனி அடப்டரோடு வரும் பெரிய மேசைத் தட்டு என்றால், அதே வோல்ட் அளவுள்ள வேறு அடப்டரால் பாருங்கள். அளவு மாறினால் தட்டின் மின்சுற்றுப் பலகை எரிந்துவிடும், அதனால் அடப்டரின் அடியில் எழுதியிருப்பதை வாசித்த பிறகே பூட்ட வேண்டும்.

இங்கே ஒரு பக்கக் கதை. ஸ்டூடியோக்களுக்கும் பிரிண்ட் எடுக்கிற கடைகளுக்கும் போய்வரும் தட்டுகளில் போல்டர் எல்லாம் 'ஷோர்ட்கட்' ஆக மாறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது வைரஸ். உண்மையான போல்டர்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. போல்டர் தெரிவுகளில் மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டச் சொன்னால் அவை வெளியே வரும். அந்த ஷோர்ட்கட்டை மட்டும் அழுத்தாதீர்கள். சாமத்திய வீட்டு அல்பம் முழுக்கப் போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்த ஒருவரின் தட்டில் 5 நிமிடத்தில் எல்லாம் திரும்பியது இப்படித்தான்.

உடல்நிலை அறிக்கை

தட்டு சத்தமில்லாமல் சுற்றுகிறது, திரையில் தெரிகிறது என்றால் அதன் உடல்நிலையை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஹாட்டிஸ்க்குகள் தங்கள் குறைகளைத் தாங்களே எழுதி வைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். சில யூஎஸ்பிப் பெட்டிகள் இந்த அறிக்கையை வெளியே விடாது. அப்படியானால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

நீலம், மஞ்சள், சிவப்பு என்று வரும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாலு வரியைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6, முயன்றும் மீட்க முடியாதவை. இந்த மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5 பூச்சியத்தைத் தாண்டியிருந்தால், அந்தத் தட்டில் இப்போதே சில கோப்புகள் கையைவிட்டுப் போகிற நிலையில் இருக்கின்றன. சி7 மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலும் வயர்தான் குற்றவாளி.

அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டுவதுண்டு. 1ஏ என்று இருந்தால் 26 என்று கொள்ளுங்கள்.

பார்த்தாயிற்றா? சரி, மூடிவிடுங்கள். முழுத் தட்டையும் பரிசோதிக்கும் 'சேர்ஃபேஸ் டெஸ்ட்' எதையும் ஓட விடாதீர்கள். அது தட்டின் ஒவ்வொரு மூலையையும் தொட்டு வாசிக்கும், ஆனால் ஒன்றையும் காப்பாற்றாது. அதே வாசிப்பைக் கொப்பிக்காகச் செய்தால் ஒவ்வொரு மூலையும் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

இன்னும் வாசிக்கிற தட்டிலிருந்து எடுப்பது

எண்கள் கெட்டிருந்தாலும் கோப்புகள் சாதாரணமாகத் திறக்கின்றன என்றால் இன்றைக்கே எடுங்கள். சனிக்கிழமை வரைக்கும் வைக்காதீர்கள்.

கடையில் போய் ஒரு புதுத் தட்டு வாங்கிவிட்டு, ஒரு கடதாசியில் வரிசை போடுங்கள். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதது முதலில்: வீட்டுப் படங்கள், இறந்தவர்களின் குரல், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன்கள், பிள்ளையின் பல்கலைக்கழகச் செயற்திட்டம். அதன் பிறகு, திரும்பச் செய்யக்கூடியது ஆனால் கஷ்டமானது. சினிமாப் படங்களும் மென்பொருள் மூட்டைகளும் கடைசியில். எனக்கு வந்த தட்டுகளில் பாதிப் பேர் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்து வரிசையில் 'சினிமா' என்ற போல்டர் முதலில் போய், 'வீடு' என்ற போல்டர் வரும்போது தட்டு நின்றிருக்கும்.

விண்டோஸின் சாதாரணக் கொப்பி, வாசிக்க முடியாத ஒரு கோப்பில் மோதினால் நின்று கேள்வி கேட்கும். நீங்கள் நித்திரை, அது காத்திருக்கும், தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். டெராகொப்பி போன்ற மென்பொருள் கெட்டதைத் தாண்டி அடுத்ததுக்குப் போய், எவை விடுபட்டன என்று கடைசியில் பட்டியல் தரும். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பியும் நல்லது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது: நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், வாசிக்க முடியாத ஒரு கோப்பை 30 வினாடி இடைவெளியில் 10 லட்சம் தடவை முயலும். தட்டு சாகும், ரோபோகொப்பி களைக்காது. 'ஆர்' என்ற தெரிவுக்கு 0, 'டபிள்யூ' என்ற தெரிவுக்கு 1 என்று கொடுத்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

நேரக்கணக்கும் தெரிந்திருக்கட்டும். யூஎஸ்பி 2.0 வழியாக வினாடிக்கு 35 எம்பி போனால் 1 டெராபைட் எடுக்க 8 மணித்தியாலம். 3.0 வழியாக 100 எம்பி போனால் 3 மணித்தியாலத்துக்குள் முடியும். வேகம் சில எம்பி, சில கேபி என்று விழுந்து நொண்டத் தொடங்கினால் அந்த முறையை நிறுத்திவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

முரண்டு பிடிக்கிற தட்டுக்கு டிடிரெஸ்க்யூ

தட்டு தெரிகிறது, ஆனால் போல்டரைத் திறந்தால் கொம்பியூட்டரே உறைகிறது. அல்லது 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. இந்த நிலையில் கோப்பு கோப்பாக எடுப்பதை விட்டுவிட்டு, தட்டையே அப்படியே பிரதி எடுக்க வேண்டும். அதற்கு நான் நம்புவது குனூ டிடிரெஸ்க்யூ. இலவசம். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் தொகுப்பைப் பென்டிரைவில் ஏற்றிக் கொம்பியூட்டரை அதிலிருந்து தொடங்கினால், டிடிரெஸ்க்யூ உள்ளேயே இருக்கும். எதையும் நிறுவத் தேவையில்லை.

அதன் கெட்டித்தனம் இதுதான். நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளும். கெட்ட இடத்தில் மோதினால் அங்கேயே குந்திக்கொண்டிராமல் தாண்டிப் போகும். நல்லதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். வெள்ளாமை வெட்டும்போது தண்ணீர் நிற்கிற மூலையை விட்டுவிட்டு, காய்ந்த வரவையை முதலில் வெட்டுகிற மாதிரி.

தேவையானவை: பழைய தட்டு, அதைவிடப் பெரிய புதிய தட்டு, அந்த லினக்ஸ் பென்டிரைவ். பழையது 1 டெராபைட் என்றால் புதியது 2 டெராபைட்டாக இருக்கட்டும். பிரதியை நேரடியாகப் புதிய தட்டின் மேல் எழுதலாம். ஆனால் புதிய தட்டுக்குள் ஒரே பெரிய கோப்பாகச் சேமிப்பதையே நான் சொல்வேன். திசை மாறிப்போனால் வரும் ஆபத்து அதில் குறைவு. புதிய தட்டு ஃபாட்32 முறையில் இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது.

கட்டளையில் மூன்று பெயர் வரும், வரிசை மாறக் கூடாது. முதலில் பழைய தட்டு, அடுத்துப் போய்ச் சேர வேண்டிய கோப்பு, கடைசியில் மேப் கோப்பு. எது எந்தத் தட்டு என்பதைக் கொள்ளளவையும் தொடர் இலக்கத்தையும் பார்த்து உறுதி செய்யுங்கள். மாறிக் கொடுத்தால், காப்பாற்ற வேண்டிய தட்டின் மேல் வெறும் தட்டு எழுதப்படும். அதை யாராலும் திருப்ப முடியாது. நான் தொடர் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி, சத்தமாக வாசித்து, வீட்டில் யாராவது ஒருவரைத் திரையில் சரிபார்க்கச் சொல்வேன். தங்கச்சியின் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் ஒருமுறை என் பிழையைப் பிடித்திருக்கிறாள். கட்டளை 'எஃப்' என்ற தெரிவைக் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள்: நீங்கள் கோப்புக்குள் எழுதாமல் நேரடியாக ஒரு தட்டின் மேல் எழுதப் போகிறீர்கள் என்று அது எச்சரிக்கிறது.

முதல் ஓட்டத்தில் 'டி', 'என்' என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுங்கள். 'டி' இடையில் உள்ள தற்காலிக நினைவகத்தைத் தாண்டி நேரே வாசிக்கச் சொல்லும். 'என்' கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விடச் சொல்லும். இந்த ஓட்டத்திலேயே தொண்ணூற்றுச் சொச்சம் வீதம் வந்துவிட்டால், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். இரண்டாவது ஓட்டத்தில் 'என்' ஐ எடுத்துவிட்டு, 'ஆர்' தெரிவுக்கு 3 என்று கொடுங்கள். மிச்சத்தை மூன்று தடவை முயலும். சில இடங்கள் பின்னாலிருந்து முன்னால் வாசித்தால் கிடைக்கும். பெரிய 'ஆர்' தெரிவு அதற்குத்தான்.

மேப் கோப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. 2022 இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனாலும், தட்டு இடையில் மறைந்தாலும், அதே கட்டளையை அதே மேப் கோப்போடு திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஆனால் அந்தக் கோப்பைப் புதிய தட்டில் வைத்திருக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸின் சொந்தப் போல்டரில் வைத்தால், நினைவகத்தோடு சேர்ந்து கணக்கும் போய்விடும். நான் முதல் தடவை அப்படித்தான் ஒரு ராத்திரியை இழந்தேன்.

இந்த வேலைக்கு டெஸ்க்டொப்பைவிட பெற்றரி நல்ல லப்டொப் மேல். டெஸ்க்டொப்தான் இருக்கிறது என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நித்திரைக்குப் போகும் அமைப்பை நிறுத்துங்கள். தட்டைச் சமதரையில் வைத்து, ஒரு சின்ன மின்விசிறியை அதன் மேல் திருப்பி விடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் தட்டு 50 பாகையைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. யாரும் மேசையில் முட்டக் கூடாது. பூனை வளர்த்தால் அறைக்கதவைச் சாத்துங்கள். இடையில் டிக் சத்தம் தொடங்கினால், எத்தனை வீதத்தில் நின்றாலும் நிறுத்திவிடுங்கள்.

பிரதி கிடைத்த பிறகு பழைய தட்டைக் கழற்றி உள்ளே வையுங்கள். இனி எல்லா வேலையும் பிரதியில். டெஸ்ட்டிஸ்க் அந்தப் பெரிய கோப்பைத் திறந்து, காணாமல்போன பகுதியைத் தேடி, கோப்புகளை வெளியே எடுக்கும், இலவசம். அதனோடேயே வரும் ஃபோட்டோரெக் கடைசி ஆயுதம். போல்டர், பெயர் எதையும் பொருட்படுத்தாமல், படம் படமாக, வீடியோ வீடியோவாக அள்ளித் தரும்; பெயர்கள் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு உட்கார்ந்து பெயர் வைக்கிற வேலை உங்களுடையது. அதற்கு வீட்டில் வயதானவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எது யாருடைய கலியாணம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

செய்யவே கூடாதவை

'சரிபார்க்கவா?' என்று விண்டோஸ் கேட்டு ஓட்டுகிற செக்டிஸ்க்கைப் பழுதான தட்டில் ஓட விடாதீர்கள். அது கோப்பமைப்பை ஒழுங்காக்கப் பார்க்கும். உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. ஒழுங்குக்கு வராதவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, சிஎச்கே என்று முடியும் பெயர் தெரியாத கோப்புகளாகக் குவித்துவிடும். செய்துதான் பார்க்க வேண்டும் என்றால் பிரதியின் பிரதியில் செய்யுங்கள்.

மீட்பு மென்பொருளைப் பழுதான தட்டிலேயே நிறுவாதீர்கள், மீட்டதை அதிலேயே சேமிக்காதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அடிக்கடி நடக்கிறது.

ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். எங்கள் ஊர்க் காற்றில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் இரண்டு நிமிடத்தில் எப்படி வியர்க்கிறது என்று பாருங்கள். அதே வியர்வை தட்டுக்குள்ளும் படியும்.

தட்டைத் திறக்கவும் வேண்டாம். பச்சை நிற மின்சுற்றுப் பலகையை அதே மாதிரித் தட்டிலிருந்து கழற்றி மாற்றலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். இன்றைய தட்டுகளில் அந்தப் பலகையில் உள்ள ஒரு சின்னச் சில்லில் அந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் எழுதப்பட்டிருக்கும். அதையும் மாற்றிப் பற்றவைக்காவிட்டால் வேலை செய்யாது. வெளிப்பெட்டியைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். சில மாதிரிகளில் பெட்டிக்குள் இருக்கும் பலகைதான் தரவை மறையாக்கி எழுதுகிறது. அது தொலைந்தால் தட்டு நல்லதாக இருந்தும் உள்ளே இருப்பது வெறும் குப்பையாகத் தெரியும்.

வெள்ளம் பட்ட தட்டு

2004 மார்கழியில் கடல் வந்தபோதும், 2011 தையில் வெள்ளம் வந்தபோதும் படங்களை இழந்த வீடுகள் இங்கே எத்தனையோ. தண்ணீருக்குள் கிடந்த தட்டைக் காயவைத்துப் பூட்டிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். பூட்டாதீர்கள். வெயிலிலோ அரிசி மூட்டையிலோ வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியைப் பிடிக்காதீர்கள். காய்ந்தால் தண்ணீரில் இருந்த உப்பும் சேறும் தட்டின் மேல் இறுகிவிடும். ஈரமாகவே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, தாமதிக்காமல் மீட்புக்கூடத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் மின்சாரம் கொடுப்பார்கள்.

கடையில் கொடுக்கும்போது

டிக் சத்தம், சுழலாத மோட்டர், தண்ணீர் பட்டது, இந்த மூன்றுக்கும் தூசியில்லாத அறையும் மாற்று வாசிப்பு முனையும் வேண்டும். சாதாரணக் கொம்பியூட்டர்க் கடையில் அது இருக்காது. அவர்கள் வேறு வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம், அது வேறு. 'தாங்க தம்பி, ஃபார்மட் பண்ணி எடுத்துத் தாறன்' என்று சொல்கிற இடத்தில் நன்றி சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுக்க முன்பு கேட்க வேண்டியவை: தட்டை நீங்களே திறப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? தரவு வராவிட்டால் எவ்வளவு காசு? மீட்ட பிறகு, காசு கட்ட முன்னம், கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா? பிரதியை எத்தனை நாளில் அழிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டுப் போட்ட தட்டு என்றால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி வையுங்கள். அது இல்லாமல் எந்தக் கூடமும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் ஏற்கெனவே என்னென்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தட்டியதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கொழும்புக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், இரண்டு அங்குலத் தடிப்புக்கு ஸ்பொன்ஜ் சுற்றி, உறுதியான பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பஸ்ஸின் மேல்தட்டில் போட்டால் மன்னம்பிட்டி தாண்ட முன்னமே உள்ளே மிச்சம் இருந்ததும் போய்விடும்.

இனி வைக்கிற விதம்

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றைக்கும் போதும்: மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் கரையில் அந்தக் கடைசி 'ஒன்று'க்கு நான் இன்னொரு நிபந்தனை போடுவேன். பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது கணக்கில் வராது. கடல் வந்தால் இரண்டு வீட்டுக்கும் வரும். என் இரண்டாவது தட்டு செங்கலடியில் தங்கச்சி வீட்டு மாடி அலுமாரியில் இருக்கிறது. மூன்றாவதாக, ஆவணங்களும் தெரிந்தெடுத்த படங்களும் மட்டும் இணையத்தில். கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இலவசம், அதற்குள் ஒரு குடும்பத்தின் அத்தனை சான்றிதழும் அடங்கும். முழுக் கூத்தை ஏற்ற டேட்டா பெக்கேஜ் தாங்காது.

இரண்டு தட்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரியாக வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் பிறந்தவை ஒரே குறையோடு பிறந்திருக்கலாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைக்க ஏற்றதல்ல. அதில் அழிந்த கோப்பைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாலும் நடக்காது.

காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுத் தட்டை வையுங்கள். மாரி முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பூட்டி, அந்த நாலு எண்ணையும் பார்த்து, ஏதாவது நாலு கோப்பைக் கடைசிவரை ஓட விடுங்கள். போல்டரில் பெயர் தெரிவதால் கோப்பு நல்லதாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எனக்கு நினைவு வைக்க வைகாசிச் சடங்கு உதவுகிறது: கண்ணகை அம்மனின் குளிர்த்தி முடிந்த வாரம் ஒரு தடவை, அதிலிருந்து எண்ணி மற்ற மூன்று தடவை.

தட்டின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வாங்கிய மாதமும் கடைசியாகப் பார்த்த திகதியும் எழுதுங்கள். பழைய தட்டை உடனே எறியாதீர்கள். மீட்டதையெல்லாம் திறந்து பார்த்து, இரண்டாவது கொப்பியும் எடுத்து, ஆறு மாதம் போகட்டும். பிறகு தரவை வேறு யாரும் எடுக்காதபடி தட்டுகளில் ட்ரில் போட்டு ஓட்டையாக்கி விடலாம். என்னுடையது இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. வராத இரண்டு கூத்தில் ஒன்றை அதே இரவு வேறு யாரோ போனில் பிடித்ததாகக் களுவாஞ்சிகுடியில் ஒருவர் சொன்னார், அந்தப் போனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.